ஆறடிக் கயிறு

சியாட்டலிலிருந்து ஐ-90 நெடுஞ்சாலையில் கிழக்கே 50 மைல் போனால் ஸ்னோக்வால்மி கணவாய். உயரம் 3,022 அடி. குளிர்காலத்தில் பனிச்சறுக்கு ஆடுகிறவர்கள் வண்டி நிறுத்தும் ஆல்பென்டால் திடலில், ஜூலை பிறந்துவிட்டால் மலையேறுகிறவர்கள் கூட்டம். சனிக்கிழமை என்றால் காலை ஏழு மணிக்கெல்லாம் இடம் பிடித்தாக வேண்டும். எந்தக் காரின் பின்கதவைத் திறந்தாலும் ஒரு நாய் குதிக்கிறது. லாப்ரடார், ஹஸ்கி, ஆஸ்திரேலியன் ஷெப்பர்டு, இன்ன சாதி என்று சொல்ல முடியாத கலப்புகள். பின்னங்கால் ஒன்று இல்லாத வெள்ளை நாய் ஒன்று எல்லோருக்கும் முன்னால் தடத்தின் வாயிலில் போய் நின்று, தன் வீட்டாரைத் திரும்பிப் பார்த்துக்கொண்டிருந்தது.

அண்ணன் வீட்டு மணியும் குதித்தான். கறுப்பு நிறம், பாதி லாப்ரடார். மீதி என்னவென்று காப்பகத்துக்காரர்களுக்கே தெரியவில்லை. அண்ணனும் அண்ணியும் ரெட்மண்டில் மென்பொருள் வேலை பார்க்கிறார்கள். வாரம் முழுவதும் நாற்காலியில் கழிகிற உடம்புகளைச் சனிக்கிழமைதோறும் மலைக்கு இழுத்து வருகிறவன் மணிதான். அவனைத் தத்தெடுக்கும் முன்பு இந்த வீட்டில் யாரும் மலை ஏறியதில்லை. ஆல்பைன் லேக்ஸ் காட்டின் தடங்களை இப்போது அண்ணன் மகள் வரைபடம் பார்க்காமல் சொல்கிறாள்.

நாங்கள் அன்று போனது ஸ்னோ லேக் என்னும் ஏரிக்கு. போக வர ஏழு மைலுக்குச் சற்று மேல். ஏற்றம் 1,800 அடி. தடத்தின் தொடக்கத்தில் மரப்பெட்டி ஒன்றில் அனுமதிச் சீட்டுகள் இருக்கின்றன. பெயர், ஆட்களின் எண்ணிக்கை, போகும் இடம் ஆகியவற்றை நாமே எழுதி ஒரு பிரதியைப் பெட்டியில் போட்டுவிட்டு மறு பிரதியைப் பையில் வைத்துக்கொள்ள வேண்டும். காசு கிடையாது. பக்கத்திலேயே பலகை: நாய்கள் ஆறு அடிக்கு மிகாத கயிற்றில் இருக்க வேண்டும்.

அந்த ஆறடியைப் பற்றி எனக்குச் சொல்ல நிறைய இருக்கிறது. சொந்த ஊரில் நாய்களை அவிழ்த்துவிட்டே பார்த்துப் பழகிய எனக்கு, இத்தனை பெரிய காட்டில் ஒரு நாயைக் கயிற்றில் பிடித்துக்கொண்டு நடப்பது முதலில் வருத்தமாகத்தான் இருந்தது. ஏரிக்குப் போய்த் திரும்புவதற்குள் அந்த வருத்தம் போய்விட்டது.

1964-இல் அமெரிக்க நாடாளுமன்றம் வில்டர்னெஸ் சட்டத்தை நிறைவேற்றியது. இந்தச் சட்டத்தின் கீழ் வரும் காடுகளில் சாலை போடக் கூடாது. மோட்டார் வண்டி மட்டுமல்ல, சைக்கிளும் நுழையக் கூடாது. மரம் விழுந்து தடத்தை அடைத்தால்கூட மோட்டார் ரம்பம் எடுத்துப் போவதில்லை. இரண்டு பேர் இரு முனையிலும் நின்று இழுக்கிற நீள ரம்பத்தால் அறுக்கிறார்கள். ஆல்பைன் லேக்ஸ் பகுதி 1976-இல், ஜெரால்டு ஃபோர்டு ஜனாதிபதியாக இருந்தபோது, இந்தப் பாதுகாப்புக்குள் வந்தது. 2014-இல் இன்னும் கொஞ்சம் விரிந்தது. இன்று சுமார் நான்கு லட்சம் ஏக்கர். ஏரிகள் மட்டும் 700-க்கு மேல். சைக்கிளுக்குக் கதவடைத்த இந்தச் சட்டம் நாய்க்குக் கதவடைக்கவில்லை. எங்கே நாய் கூடாது, எங்கே கயிற்றோடு வரலாம் என்பதை அந்தந்த வனக்கோட்டத்தின் முடிவுக்கு விட்டிருக்கிறது. மனிதர் கூட்டம் மிகுந்த ஸ்னோ லேக் போன்ற தடங்களில் கயிறு கட்டாயம்.

முதல் ஒன்றரை மைல் ஹெம்லாக், ஃபிர் மரங்களின் நிழலில் போகிறது. தரையெல்லாம் ஊசியிலைச் சருகு. மணி மூக்கைத் தரையிலிருந்து எடுக்கவே இல்லை. நேற்று இந்த வழியே எது போனது, எது எங்கே நின்றது என்ற கணக்கெல்லாம் அவனுக்கு அங்கே கிடைக்கிறது. மரங்கள் விலகியதும் சரிவு முழுக்கப் பாறைச் சரளை. கல்லுக்குக் கல் தாவித்தான் நடக்க வேண்டும். அங்கேதான் அந்தக் குரல் கேட்டது. சின்னப் பிள்ளைகளின் ரப்பர் பொம்மையை அழுத்தினாற்போல ஒரு கீச்சு.

“பிகா, அத்தை!” என்று அண்ணன் மகள் என் முழங்கையைப் பிடித்து நிறுத்தினாள்.

பாறை இடுக்கில் ஒரு கையளவு உருவம். வட்டக் காது, வால் இருந்தும் இல்லாத தோற்றம். எலி போலத் தெரிந்தாலும் முயலுக்குத்தான் உறவு. வாயில் ஒரு கொத்துப் புல். பிகா குளிர்காலத்தில் தூங்குவதில்லை. பல அடிப் பனிக்குக் கீழே பாறைப் பொந்தில் விழித்திருக்கிறது. அந்த மாதங்களுக்கான தீனியைக் கோடையிலேயே அறுத்துக் காயவைத்து வைக்கோல் போராகச் சேர்க்கிறது. உடம்பில் அடர்த்தியான ரோமம் இருப்பதால் வெயில் தாங்காது. நடுப்பகலில் பொந்துக்குள் போய்விட வேண்டும். காலை நேரம்தான் அதற்கு அறுவடை நேரம். நாயோடு வருகிறவர்கள் இந்தச் சரிவைக் கடப்பதும் அதே காலை நேரத்தில்தான். ஒவ்வொரு நாய்க்கும் அது ஒருமுறை வாயிலிருக்கும் புல்லைப் போட்டுவிட்டு உள்ளே ஓட வேண்டியிருந்தால், பனிக்காலத்துக்குச் சேர வேண்டிய போரில் அவ்வளவும் குறையும்.

மணியின் காது இரண்டும் நிமிர்ந்தன. முன்னங்கால் ஒன்று தரையைவிட்டு எழுந்தது. முதுகு ரோமம் அசையவில்லை, மூச்சுச் சத்தம்கூட நின்றுவிட்டது. கயிறு மெல்ல இறுகுவதைப் பிள்ளையின் கையில் பார்த்தேன். அவள் கயிற்றைச் சுண்டி இழுக்கவில்லை. “வா” என்று ஒரே ஒரு சொல். அவன் ஒரு கணம் யோசித்து, திரும்பி, அவள் காலோடு வந்து சேர்ந்துகொண்டான். சட்டைப்பையிலிருந்து ஒரு துண்டு வேகவைத்த கோழி கிடைத்தது. பிகா புல்லைக் கீழே போடவில்லை. கயிற்றில் போகிற நாயின் நடை அதற்குப் புதிதல்ல போலும். நாங்கள் கடந்த பிறகு அதே பாறையில் அதே வேலையைத் தொடர்ந்தது. அப்போதுதான் எனக்கு ஆறடியின் கணக்கு பிடிபட்டது.

மேட்டின் உச்சி, சுமார் 4,400 அடி. அங்கே வில்டர்னெஸ் எல்லைப் பலகை. அதைத் தாண்டினால் கீழே ஏரி. ஜூலையிலும் கரையோரம் பனித்திட்டுகள் மிதந்தன. எதிரே சேர் பீக் என்னும் சிகரம். கரைக்கு இறங்கும் வழியில் பழைய கல்வீடு ஒன்றின் இடிந்த சுவர். நாங்கள் சாப்பாட்டு மூட்டையைப் பிரித்தது அதன் பக்கத்தில்.

புளியோதரை, தயிர்சாதம், வறுத்த உருளைக்கிழங்கு. தயிர்சாதத்தில் திராட்சை இல்லை. அண்ணி தயிர்சாதம் என்றால் கறுப்புத் திராட்சையும் மாதுளையும் போடாமல் செய்தவரே இல்லை. மணி வந்த பிறகு மலைக்குக் கட்டும் சாப்பாட்டில் திராட்சை கிடையாது, வெங்காயம் கிடையாது. திராட்சை, உலர்திராட்சை இரண்டும் நாயின் சிறுநீரகத்தைக் கெடுக்கும். எந்த நாய்க்கு எவ்வளவு கெடுக்கும் என்று முன்கூட்டிச் சொல்ல முடியாது. வெங்காயம் ரத்தச் சிவப்பணுக்களை அழிக்கும். சாக்லேட் இதயத்துக்கு ஆபத்து. சர்க்கரை இல்லாத சூயிங்கத்தில் இருக்கும் சைலிட்டால் சிறிதளவு போனாலும் ரத்தத்தில் சர்க்கரை சட்டென்று விழுந்துவிடும். இந்த ஊரில் மலையேறுகிறவர்கள் கொறிக்கிற கலவையில் கொட்டைகளோடு உலர்திராட்சையும் சாக்லேட்டும்தான் முக்கால்வாசி. குழந்தைகள் நடந்துகொண்டே தின்கிறார்கள், சிந்துகிறார்கள். பின்னால் வரும் நாய் பொறுக்கிக்கொள்கிறது. கரடியையும் மலைச்சிங்கத்தையும் நினைத்துப் பயப்படுகிறவர்கள் இந்தத் திராட்சையை நினைத்துப் பயப்படலாம் என்று எனக்குத் தோன்றுகிறது.

மணியின் முதுகில் அவனுக்கென்று இரட்டைப் பை. ஒரு பக்கம் மடித்துவைக்கும் ரப்பர் கிண்ணம், பாதத்தில் அடிபட்டால் சுற்றத் துணிப்பட்டை, நான்கு காலுக்கும் பூட்ஸ். மறுபக்கம் இறுக்கமாக மூடும் ஒரு பிளாஸ்டிக் ஜாடி. அவன் கழிக்கும் மலத்தைப் பையில் கட்டி அந்த ஜாடியில் போட்டு அவன் முதுகிலேயே கீழே கொண்டுவருகிறார்கள். தண்ணீரிலிருந்து 200 அடி தள்ளி, அரையடிக்கும் கூடுதலாகக் குழி தோண்டிப் புதைக்கலாம் என்றும் விதி உண்டு. ஆனால் இவ்வளவு பேர் நடக்கிற இடத்தில் எத்தனை குழிதான் தோண்டுவது? தடத்தின் ஓரத்தில் பச்சையும் நீலமுமாகக் கட்டிய பைகள் கிடந்தன. திரும்பி வரும்போது எடுத்துக்கொள்ளலாம் என்று வைத்துவிட்டுப் போனவை. பல திரும்ப எடுக்கப்படுவதே இல்லை. புதரில் விட்டிருந்தால் மழையில் கரைந்தாவது போயிருக்கும். பிளாஸ்டிக்கில் கட்டி விட்டுப் போவது கொடுமை. அண்ணன் அதில் கண்ணுக்குப் பட்டவற்றை எடுத்துத் தன் பையின் வெளியே தொங்கவிட்டுக்கொண்டான். யாரிடமும் எதுவும் சொல்லவில்லை.

திரும்பும் வழிதான் கடினம். ஏரியிலிருந்து மேட்டுக்கு மறுபடி ஏற வேண்டும். பிற்பகல் வெயில் பாறைமேல் நேராக விழுகிறது. நாய்க்கு வியர்வை பாதத்தில் மட்டும்தான். உடம்புச் சூட்டைத் தணிக்க அதற்குத் தெரிந்த பெரிய வழி இரைப்பது. அதன் இயல்பான உடல்வெப்பமே 38-லிருந்து 39 டிகிரி செல்சியஸ். 41-ஐத் தாண்டினால் உள்ளுறுப்புகள் ஒவ்வொன்றாகப் பழுதாகத் தொடங்கும். மனிதன் முடியவில்லை என்று உட்கார்ந்துவிடுவான். நாய் உட்காராது. முன்னால் போகிறவர் தன் ஆள் என்றால், விழும்வரை நடக்கும்.

“அப்பா, நிறுத்துங்க. மணி நாக்கைப் பாருங்க,” என்றாள் பிள்ளை.

எனக்கு நாய் நாக்கைத் தொங்கவிடுவது நாய் நாக்கைத் தொங்கவிடுவதாகவே தெரிந்தது. அவள் அருகில் அழைத்துக் காட்டினாள். நாக்கின் நுனி அகலமாகி ஓரங்கள் மேல்நோக்கி வளைந்திருந்தன. ஈறு எப்போதும் இருக்கும் இளஞ்சிவப்பைவிட ஒரு நிறம் கூடியிருந்தது. ஒரு பாறை நிழலில் அவனைப் படுக்கவைத்தார்கள். வயிற்றிலும் தொடையிடுக்கிலும் பாதங்களிலும் தண்ணீர் தெளித்தார்கள். குடிக்கக் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுத்தார்கள். அவனுக்கென்றே தனியாக இரண்டு லிட்டர் சுமந்து வந்திருந்தார்கள். ஓடைத் தண்ணீர் பளிங்கு மாதிரி இருந்தாலும் ஜியார்டியா என்ற குடல் ஒட்டுண்ணி அதில் இருக்கலாம் என்பதால் அவனுக்கும் வடிகட்டிய தண்ணீர்தான். மூச்சு சீராகும்வரை யாரும் கைக்கடிகாரத்தைப் பார்க்கவில்லை. பன்னிரண்டு வயதுப் பிள்ளை, பேச வாயில்லாத ஓர் உடம்பை இப்படிப் படிக்கக் கற்றிருக்கிறாள் என்பதைவிட இந்த மலைகள் அவளுக்குப் பெரிதாக வேறென்ன கொடுத்துவிடப் போகின்றன?

பெரிய நாய் மலைமேல் விழுந்துவிட்டால் என்ன செய்வது? முப்பது கிலோ எடையைச் சரளைச் சரிவில் ஒருவர் தூக்கி இறங்க முடியாது. இந்த மாநிலத்தில் ‘வாஷிங்டன் ஸ்டேட் அனிமல் ரெஸ்பான்ஸ் டீம்’ என்ற தன்னார்வக் குழு இருக்கிறது. வெள்ளத்திலும் காட்டுத்தீயிலும் கால்நடைகளைக் காப்பாற்றுவது அவர்கள் பணி. அதோடு, நடக்க முடியாமல் படுத்துவிட்ட நாய்களையும் மலையிலிருந்து தூக்குப்படுக்கையில் கட்டி ஆள் மாற்றி ஆள் சுமந்து இறக்குகிறார்கள். இரவானாலும் நெற்றிவிளக்கு மாட்டிக்கொண்டு ஏறுகிறார்கள். அண்ணனின் கைப்பேசியில் அவர்கள் எண், ஆஸ்பத்திரி எண்ணுக்கு அடுத்து இருக்கிறது.

எல்லா இடமும் நாயை ஏற்பதில்லை. வீட்டு மொட்டைமாடியிலிருந்து வெள்ளையாகத் தெரியும் மவுன்ட் ரெய்னியர், 1899-லேயே தேசியப் பூங்கா ஆனது. அங்கே கார் நிறுத்துமிடத்துக்கும் முகாம் திடலுக்கும் நாய் வரலாம். பசிபிக் க்ரெஸ்ட் தடத்தின் ஒரு சிறு பகுதி தவிர வேறெந்தத் தடத்திலும் கால் வைக்கக் கூடாது. இதில் வருத்தப்படும் நாய்ப் பிரியர்கள் உண்டு. எனக்கு வருத்தமில்லை. நாயின் வாடை மட்டுமே மானையும் மர்மட்டையும் தடத்திலிருந்து ஒதுக்கிவிடும். நோய்களும் உண்டு. 1994-இல் ஆப்பிரிக்காவின் செரங்கெட்டியில் சிங்கங்களில் மூன்றில் ஒரு பங்கு மாண்டது நாய்களின் டிஸ்டெம்பர் வைரஸால். சுற்றுக் கிராமத்து நாய்களிடமிருந்து பரவியது. 2018-இல் குஜராத்தின் கிர் காட்டிலும் அதே வைரஸுக்குச் சிங்கங்கள் பலியாயின. முதுமலைக்கும் களக்காட்டுக்கும் செல்லப்பிராணியோடு போகலாமா என்று கேட்கிற நண்பர்களுக்கு நான் இந்த இரண்டு ஆண்டுகளைத்தான் சொல்கிறேன்.

காடும் நாயைச் சும்மா விடுவதில்லை. அக்டோபரில் இசக்குவா ஊரின் ஓடையில் சால்மன் மீன்கள் முட்டையிட ஏறி வரும். ஊரே திருவிழாக் கொண்டாடும். முட்டையிட்டு முடித்த மீன்கள் கரையோரம் செத்து ஒதுங்கும். சால்மனை மனிதன் சமைத்துத் தின்றால் ஒன்றுமில்லை. நாய் பச்சையாகத் தின்றால், மீனுக்குள் இருக்கும் தட்டைப்புழு, அந்தப் புழுவுக்குள் இருக்கும் நுண்ணுயிரி, இரண்டும் உள்ளே போகின்றன. ஒரு வாரத்துக்குள் காய்ச்சல், வாந்தி, கழிச்சல். மருந்து கொடுக்காவிட்டால் பத்தில் ஒன்பது நாய் பிழைக்காது. காலத்தில் கண்டுபிடித்தால் சாதாரண ஆன்டிபயாடிக்கே போதும். “ஆற்றங்கரைக்குப் போனீர்களா?” என்பதுதான் அந்தப் பருவத்தில் இந்த ஊர்க் கால்நடை மருத்துவர்களின் முதல் கேள்வி. ஓடையோரத் தடத்தில் அண்ணி கயிற்றை ஆறடியிலிருந்து இரண்டடியாகச் சுருட்டிப் பிடிப்பது இதற்காகத்தான்.

அம்மா பாளையங்கோட்டையிலிருந்து வந்திருந்த கோடையில் ஃபிராங்க்ளின் அருவிக்குப் போனோம். இரண்டே மைல், 70 அடி அருவி, அம்மாவின் முழங்காலுக்கு ஏற்ற தடம். அம்மாவுக்கு நாய் என்றால் பயம். அது காரணமில்லாத பயமில்லை. உலகில் வெறிநாய்க்கடியால் சாகிறவர்களில் மூன்றில் ஒருவர் இந்தியாவில் சாகிறார். எங்கள் தெருவில் தொப்புளைச் சுற்றி ஊசி போட்டுக்கொண்ட பிள்ளைகளை அம்மா பார்த்திருக்கிறாள். நாய்களுக்குள் பரவும் வெறிநோய் அமெரிக்காவில் ஒழிந்துவிட்டதாக 2007-இல் அறிவித்துவிட்டார்கள் என்று அண்ணன் எடுத்துச் சொன்னான். அம்மா கேட்டுக்கொண்டாள், நடக்கும்போது மணிக்கும் தனக்கும் நடுவே பேத்தியை நிறுத்திக்கொண்டாள்.

அந்தத் தடத்தில் அவிழ்த்துவிட்ட ஒரு நாய் எதிரே ஓடி வந்தது. “பயப்படாதீங்க, ஒண்ணும் பண்ணாது” என்று அதன் எஜமானர் தூரத்திலிருந்து ஆங்கிலத்தில் கூவினார். உலகம் முழுவதும் நாய் வளர்க்கிறவர்கள் சொல்லும் இந்த வாக்கியம், பயப்படுகிறவருக்குச் சல்லிக்காசு பெறாது. அண்ணன் அம்மாவுக்கு முன்னால் வந்து நின்றான். கொஞ்ச நேரம் கழித்து, எதிரே ஒரு சிறுபையன் மணியைக் கண்டு அழ ஆரம்பித்தான். அண்ணன் உடனே தடத்தின் தாழ்ந்த பக்கம் இறங்கி, மணியை உட்காரவைத்து, கயிற்றைக் கையில் இரண்டு சுற்றுச் சுற்றிக்கொண்டான். பையனும் அவன் அம்மாவும் மேல்பக்கமாகக் கடந்து போனார்கள். அம்மா எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“கைய விட்டுப் போகாதுல்லா? அப்பம் சரி,” என்றாள். அருவியிலிருந்து திரும்பும்போது நடுவில் பேத்தி இல்லை.

அக்டோபர் தொடக்கத்தில் மலைத்தொடரின் கிழக்குப் பக்கம் போனோம். கிளீ எலம் ஊரைத் தாண்டி, டீனவே ஆற்றின் வடகிளையோரம் மண்சாலையில் வெகுநேரம் குலுங்கிப் போனால், சாலை முடிகிற இடத்தில் தடம் தொடங்குகிறது. மேலே இங்கால்ஸ் ஏரி. இந்த மலைகளின் ஊசியிலை மரங்களில் லார்ச் மட்டும் இலையுதிர்க்கும். உதிர்க்கும் முன் ஓரிரு வாரம் மஞ்சளாக எரியும். அந்த மஞ்சளைப் பார்க்கத்தான் மாநிலமே அங்கே ஏறுகிறது. பாதி வழியில் தடம் பிரிகிறது. இடப்பக்கம் ஏரி, அங்கே மலையாடுகள் இருப்பதால் நாய்க்கு அனுமதி இல்லை. உப்புக்காக மனிதர் சிறுநீர் கழித்த இடத்தைக்கூட நக்க வருகிற ஆடுகள், கூரிய கொம்புள்ளவை. குட்டியோடு நிற்கும் ஆட்டின் முன் ஒரு நாய் குரைத்தால் யாருக்கு என்ன ஆகும் என்று சொல்ல முடியாது. வலப்பக்கம் லாங்ஸ் பாஸ், நாய் போகலாம்.

ஏரித் தடத்தில் நாயோடு போகிறவர்களும் இருந்தார்கள். பலகையைப் படித்துவிட்டே போனார்கள். “எல்லாரும் போறாங்களே” என்று பிள்ளை ஒருமுறை சொன்னாள். அண்ணி அவளைப் பார்த்தார், அவ்வளவுதான். வலப்பக்கம் திரும்பினோம்.

லாங்ஸ் பாஸ் செங்குத்து. மரம் குறைந்து, செம்மண்ணும் சரளையுமாக வளைந்து வளைந்து ஏறுகிறது. காற்று குளிர்ந்திருந்ததால் மணிக்குச் சிரமமில்லை. அவன் பூட்ஸ் நான்கும் கூர்க்கல்லில் டக் டக்கென்று ஒலித்தன. கணவாயின் விளிம்பில் தலை எட்டியதும் எதிர்ப்பக்கம் முழுவதையும் அடைத்துக்கொண்டு மவுன்ட் ஸ்டூவர்ட் நின்றது. 9,415 அடி, அடியிலிருந்து முடிவரை ஒரே கிரானைட். நடுவில் இங்கால்ஸ் க்ரீக் பள்ளத்தாக்கு, வெகு ஆழத்தில். மணி விளிம்பை நோக்கி ஓரடி வைத்தான், கயிறு இறுகியது, உட்கார்ந்துகொண்டான்.

இறங்கும்போது அண்ணனும் அண்ணியும் அடுத்த அக்டோபருக்கு ஏற்பாடு பேசத் தொடங்கிவிட்டார்கள். டீனவே ஆற்றோரம் கூடாரம் போட்டு இரண்டு நாள் தங்குவது. முதல் நாள் அண்ணனும் பிள்ளையும் லார்ச் பார்க்க ஏரிக்குப் போவது. அண்ணி மணியோடு கணவாய்க்கு. மறுநாள் அண்ணி ஏரிக்கு; மணிக்கு அண்ணன். நான் அங்கே இருந்தால் எனக்கும் ஒரு முறை உண்டு என்றார்கள். எந்த நாள் எந்தப் பக்கம் வேண்டும் என்று கேட்டபோது, முதல் நாள் மணியோடு போகிறேன் என்று சொல்லிவைத்திருக்கிறேன்.